இரும்புக் கழுகின் ஊருக்கு

நாள் 1, சனிக்கிழமை, பெர்லின்

சட்டைப் பையில் ஒரு பழைய பெப்பர்மின்ட் டப்பா. அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு கறுத்த இரும்புக் கழுகு. வாங்கி நாலு வருடம் ஆகிறது. சேகரிப்பாளர்கள் இதைச் சிலேசியக் கழுகு என்பார்கள். சிலேசியா என்பது அப்போது ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் இருந்த பகுதி. 1919-ல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்த சின்னம். அந்த நகரம் இன்று போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. கழுகைக் கையில் வைத்துக்கொண்டு அது பிறந்த ஊரிலும், அது பறந்த எல்லையிலும் ஒரு முறை நின்றுவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இந்த வருடம் லீவும் கிடைத்தது, மனைவியும் கூட வருவதாகச் சொன்னாள். கிளம்பிவிட்டோம்.

முதல் வேலையாக ஜூன் 17 தெருவில் நடக்கும் பழம்பொருள் சந்தை. டியர்கார்டன் நிலையத்தில் இறங்கினால் நாலு எட்டில் போய்விடலாம். சனி, ஞாயிறு மட்டும்தான் நடக்கும். வெள்ளிக் கரண்டி, பீங்கான், பழைய அஞ்சலட்டைக் கடைகளைத் தாண்டிப் போனால் பதக்கக்காரர்கள் இருப்பார்கள். ஹிட்லர் காலத்துப் பொருள் என்றால் ஸ்வஸ்திகா மேல் ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஜெர்மனியில் அந்தச் சின்னத்தை அப்படியே வெளியில் காட்டி வைப்பது குற்றம். நான் தேடுவது அதற்கும் முந்தைய சரக்கு. ஃப்ரைகோர் சின்னங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1918 நவம்பர் 9-ம் தேதி ஜெர்மன் பேரரசர் முடி துறந்ததாக அறிவிப்பு வந்தது. 11-ம் தேதி முதல் உலகப் போர் நின்றது. போர்முனையிலிருந்து திரும்பிய ராணுவம் கண்ணெதிரே கலைந்து கொண்டிருந்தது. பெர்லினில் புரட்சி, கிழக்கே போலந்து மீண்டும் ஒரு நாடாக எழுகிறது, பால்டிக் கரையில் ரஷ்யப் புரட்சியாளர்களின் செஞ்சேனை. புதிய அரசிடம் படை இல்லை. அப்போது பழைய அதிகாரிகள் ஆளுக்கொரு பக்கம் ஆள் திரட்டினார்கள். சம்பளம், சாப்பாடு, துப்பாக்கி தருகிறோம், வாருங்கள் என்று அழைத்தார்கள். இப்படி உருவான தொண்டர் படைகள்தான் ஃப்ரைகோர். நூற்றுக்கு மேல் இருந்தன. பெரும்பாலும் தளபதியின் பெயர்தான் படையின் பெயர்: எர்ஹார்ட், ரோஸ்பாக், லோவன்ஃபெல்ட், எப்.

இவர்களுக்குப் பதக்கம் கொடுத்தது யார் என்பதில்தான் எனக்கு இந்தச் சேகரிப்பின் மேல் பித்துப் பிடித்தது. பதக்கம் என்றால் அரசர் கொடுப்பது, இல்லையென்றால் அரசு கொடுப்பது. இங்கே அரசரோ நாட்டை விட்டே ஓடிவிட்டார். 1919 ஆகஸ்டில் புதிய குடியரசுக்கு வந்த வைமார் அரசியல் சட்டத்தின் 109-வது பிரிவோ, அரசு விருதும் பதக்கமும் வழங்கக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டது. அதனால் தளபதிகளே தங்கள் ஆட்களுக்குச் சின்னம் வரைந்து, தட்டான் கடையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். எர்ஹார்ட் படைக்குக் கைப்பட்டையில் வைக்கிங் கப்பல். மெர்க்கர் தளபதியின் ஆட்களுக்குக் காலரில் ஓக் இலை. பவேரியாவின் எப் படைக்குச் சிங்க முகம். ஒவ்வொன்றும் ஒரு குட்டி அரசு தனக்குத் தானே போட்டுக்கொண்ட முத்திரை மாதிரி.

மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழெட்டு ஃப்ரைகோர் சின்னம். அவரிடம் கேட்டுவிட்டு என் டப்பாவைத் திறந்தேன்.

"முதல் வகுப்பு. எங்கே வாங்கினீர்கள்?" என்றார்.

சொன்னேன். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து முன்னும் பின்னும் ரொம்ப நேரம் பார்த்தார். விரித்த சிறகு, நெஞ்சில் சிலேசியாவின் பிறைநிலா, பிறையின் நடுவில் சிலுவை, கீழே 'சிலேசியாவுக்காக' என்ற பொருளில் இரண்டு ஜெர்மன் சொற்கள். இறகுக் கோடுகள் ஒவ்வொன்றும் கத்தியால் கீறிய மாதிரி தனித்தனியாக நிற்கும். அச்சில் அடித்தது என்பதற்கு அதுதான் அடையாளம். அசலைப் பார்த்து அச்சு எடுத்து வார்த்த போலியில் கோடுகள் மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் ஒரு நூல் குறையும். இறகுப் பள்ளங்களில் ஊசிக்குத்து மாதிரி காற்றுக் குமிழி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். என் கழுகில் நெஞ்சு மேட்டில் மட்டும் கறுப்புத் தேய்ந்து இரும்பு வெளுத்திருக்கிறது. யாரோ ஒருவருடைய கோட்டுத் துணி வருடக்கணக்கில் உரசிய இடம். பின்னால் ஊக்கைப் பற்றவைத்த இடமும் பழையதுதான்.

பெரியவர் தலையாட்டிவிட்டு, கீழே இருந்த ஃபைலிலிருந்து ஒரு காகிதம் எடுத்து வைத்தார். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, டீ நிறத்துக்குப் பழுத்த ஒரு தாள். சிலேசியக் கழுகு வழங்கியதற்கான சான்றிதழ். 1919 அக்டோபர், பிரெஸ்லாவ். ஊதா முத்திரை. ஒரு காலாட்படைச் சிப்பாயின் பெயர் தட்டச்சில் இருந்தது. பெயரை இங்கே போடவில்லை, வாரிசுகள் எங்காவது இருக்கலாம்.

என்னிடம் ஒரு சின்ன புறஊதா டார்ச் இருக்கிறது. கோட்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு அந்த இருட்டில் தாளைப் பார்த்தேன். 1950-ஐ ஒட்டி வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிந்தைய காகிதங்கள் பெரும்பாலும் நீல வெளிச்சமாக ஒளிரும். இது மங்கலாகவே கிடந்தது. முத்திரையின் மை மடிப்பைத் தாண்டி ஊறவில்லை, அதாவது முத்திரை குத்திய பிறகுதான் மடித்திருக்கிறார்கள். 45 யூரோ கொடுத்து வாங்கிவிட்டேன். கை லேசாக நடுங்கியது.

ரயிலடிக்குத் திரும்பும்போது மனைவி கேட்டாள்: "ஏங்க, இவங்க சுட்டது யாரை?"

நாளைக்குக் காட்டுகிறேன் என்றேன்.

நாள் 2, ஞாயிறு, பெர்லின்

லாண்ட்வேர் கால்வாய். விலங்குக் காட்சிசாலையின் பின்பக்கம், லிஷ்டன்ஸ்டைன் பாலத்தை ஒட்டிக் கரையோரமாக நடந்தால், தண்ணீரை நோக்கிச் சாய்ந்த பெரிய உலோக எழுத்துகள் வரும். ரோசா லக்சம்பர்க் என்ற பெயர், அவ்வளவுதான். ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவி. கரையிலிருந்து எழுந்து வருகிற மாதிரியும் இருக்கிறது, உள்ளே மூழ்குகிற மாதிரியும் இருக்கிறது. யாரோ சிவப்புக் கார்னேஷன் இரண்டு வைத்திருந்தார்கள்.

1919 ஜனவரியில் பெர்லினில் தொழிலாளர் எழுச்சி. அதை அடக்க, சமூக ஜனநாயகக் கட்சிக்காரரான குஸ்டாவ் நோஸ்கே ஃப்ரைகோர்களை நகருக்குள் வரவிட்டார். ஜனவரி 15 இரவு லக்சம்பர்க்கையும் அவருடைய தோழர் கார்ல் லீப்னெக்டையும் பிடித்து, காவல் குதிரைப்படை டிவிஷன் தங்கியிருந்த ஈடன் ஹோட்டலுக்குக் கொண்டுபோனார்கள். உத்தரவு கொடுத்தவர் வால்டமார் பாப்ஸ்ட் என்ற கேப்டன். வாசலில் ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அந்த அம்மாவின் தலையில் அடித்தான். காரில் ஏற்றிச் சுட்டு, உடலை இந்தத் தண்ணீரில் தள்ளினார்கள். மே மாதக் கடைசியில்தான் கிடைத்தது. லீப்னெக்டை டியர்கார்டனில் நோயர் ஏரிக்குப் பக்கத்தில் சுட்டார்கள். அங்கேயும் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது, போய்ப் பார்த்தோம். விசாரணை செய்தது அதே டிவிஷனின் ராணுவ நீதிமன்றம். அடித்த சிப்பாய்க்கு 2 வருடம். பாப்ஸ்ட் மேல் வழக்கே இல்லை, 1970 வரை உயிரோடு இருந்தார்.

மனைவி எழுத்துகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "இதைத் தெரிஞ்சுகிட்டேதான் வாங்குறீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். தெரியாமல் வாங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். சேகரிப்பாளர் கூட்டங்களில் எர்ஹார்ட் கப்பலைக் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு அழகான வேலைப்பாடு என்று மட்டும் பேசுவார்கள். அழகுதான். ஆனால் 1920 மார்ச் 13 அதிகாலை, அந்தக் கப்பல் சின்னத்தைக் கைப்பட்டையில் அணிந்தவர்கள் இதே பெர்லினில் பிராண்டன்பர்க் வாசலுக்கு வந்து, தங்களைப் படைக்கு எடுத்த அரசையே விரட்டினார்கள். பலருடைய ஹெல்மெட்டில் ஸ்வஸ்திகா வரைந்திருந்தது. நாஜிகள் ஆட்சிக்கு வர அப்போது இன்னும் 13 வருடம் இருந்தது. தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்ததில் தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, ரயில் இல்லை. நாலே நாளில் கவிழ்ப்பு படுத்துவிட்டது. வெளியேறிப் போகும்போதும் வேடிக்கை பார்த்த கூட்டத்தைச் சுட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இதையெல்லாம் சேர்த்துச் சொல்லாமல் ஒரு சின்னத்தைப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

நாள் 3, திங்கள், ரயிலில்

பெர்லினிலிருந்து வ்ரோட்ஸ்வாஃபுக்கு நேர் ரயில், நாலு மணி நேரத்துக்கு மேல். வழியெல்லாம் பைன் காடு. எல்லையை எப்போது தாண்டினோம் என்றே தெரியவில்லை. மனைவி தூங்கிவிட்டாள். நான் சான்றிதழை அமிலமில்லாத உறையில் போட்டு, அட்டை வைத்துக் கட்டினேன்.

நாள் 4, செவ்வாய், வ்ரோட்ஸ்வாஃப்

இந்த ஊரைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். பழைய சதுக்கம், வண்ண வண்ண வீடுகள், ஓடர் ஆற்றில் தீவுகள், பாலங்கள். தெருவில் கால் இடறுகிற இடமெல்லாம் குட்டி வெண்கலக் குள்ளர்கள். மனைவி அவர்களை எண்ணிக்கொண்டே வந்தாள், முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். மதியம் பியெரோகி சாப்பிட்டோம். உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பூரணக் கொழுக்கட்டைதான் அது, மேலே வதக்கிய வெங்காயம்.

சாப்பிட்டுவிட்டு பிரெஸ்லாவைத் தேட ஆரம்பித்தேன். 1919-ல் இங்கே 6-வது ராணுவப் பிரிவின் தலைமையகம் இருந்தது. அதன் தளபதி ஃப்ரீட்ரிஷ் ஃபான் ஃப்ரீடபுர்க் ஜூன் 19-ம் தேதி இந்தக் கழுகை ஏற்படுத்தினார். போலந்து எல்லையில் 3 மாதம் காவல் நின்றவருக்கு இரண்டாம் வகுப்பு, 6 மாதம் நின்றவருக்கு முதல் வகுப்பு. வீரச் செயல் எதுவும் தேவையில்லை, நாள் கணக்குதான். அதனாலேயே நிறையப் பேருக்குக் கிடைத்தது. ஒரே அச்சில் வந்ததும் இல்லை. பல கடைகள் செய்தன. ஒன்றில் கழுகின் கழுத்து ஒல்லி, ஒன்றில் பிறை தடிமன், ஒன்றின் பின்புறம் குழிவு, இன்னொன்று தட்டை. சான்றிதழைக் காட்டி ஆளாளுக்குத் தாங்களே வாங்கிக் குத்திக்கொண்டதும் உண்டு.

பின்னாளில் நாஜி அரசு ஃப்ரைகோர் சின்னங்களை வடிகட்டியபோது, அதிகாரபூர்வமாக அணிய விட்டது இரண்டைத்தான். ஒன்று பால்டிக் கரையில் சண்டையிட்டவர்களுக்கான பால்டிக் சிலுவை, இன்னொன்று இந்தச் சிலேசியக் கழுகு. தளபதிகள் சொந்தமாகக் கொடுத்த மற்றவை பெட்டிக்குள் போயின. இன்று சந்தையில் கழுகு சுலபமாகக் கிடைப்பதற்கும் லோவன்ஃபெல்ட் சிலுவை போன்றவை அரிதாக வருவதற்கும் இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் ஓடர் கரையில் நடந்தோம். கதீட்ரல் தீவில் எரிவாயு விளக்குகளை ஒருவர் கறுப்பு அங்கி போட்டு ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தார். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் பெர்ன்ஹார்ட் ஷாட்லேண்டர் நினைவுதான். இந்த ஊரில் இடதுசாரிப் பத்திரிகை நடத்திய இளைஞர், யூதர், வயது 24. பெர்லினில் கவிழ்ப்பு நடந்த அதே மார்ச் வாரத்தில் இங்கே ஆவ்லோக் ஃப்ரைகோர் ஆட்கள் பிடித்துப் போனார்கள். ஜூன் மாதம் உடல் இந்த ஆற்றில் கிடைத்தது. மனைவியிடம் சொன்னேன். "இங்கேயும் தண்ணியா?" என்றாள்.

நாள் 5, புதன், அன்னம்மாள் மலை

ஒப்போலே வரை ரயில், அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் டாக்ஸி. சமவெளிக்கு நடுவில் திடீரென்று ஒரு மலை. 400 மீட்டர் சொச்சம்தான் உயரம், நம் கணக்கில் குன்று. ஆனால் சுற்றிலும் வேறு மேடே இல்லாததால் வெகு தூரத்திலிருந்தே கோவில் கோபுரம் தெரிகிறது. ஜெர்மனில் அன்னாபெர்க், போலிஷில் கூரா ஷ்வியென்டெய் அன்னி. இரண்டுக்கும் புனித அன்னம்மாளின் மலை என்றுதான் அர்த்தம். வழியில் ஊர்ப்பெயர்ப் பலகைகள் இரண்டு மொழியில் இருந்தன. ஜெர்மன் பேசும் குடும்பங்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. 1989-லிருந்து மலைக்கோவிலில் ஜெர்மன் மொழிப் பூசையும் நடக்கிறது.

முதலில் கோவிலுக்குள் போனோம். பீடத்தில் மரத்தில் செதுக்கிய சின்னச் சுரூபம்: அன்னம்மாள், அவர் கையில் மரியாளும் குழந்தை இயேசுவும். தங்க நூல் அங்கிக்குள் முகங்கள் மட்டும்தான் தெரிகின்றன. வயதான பெண்கள் நாலைந்து பேர் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனைவி ஒரு மெழுகுதிரி ஏற்றினாள்.

இந்த அமைதியான இடத்தை ஏன் இரண்டு நாடும் அடித்துக்கொண்டன? நிலக்கரிதான். சிலேசியாவின் தென்கிழக்குப் பகுதிக்கு மேல் சிலேசியா என்று பெயர். அதன் சுரங்கமும் உருக்காலையும் யாருக்கு என்ற கேள்வி. மூன்று முறை போலிஷ் தரப்பு எழுந்தது: 1919 ஆகஸ்ட், 1920 ஆகஸ்ட், 1921 மே. 1921 மார்ச் 20-ல் பொது வாக்கெடுப்பு. ஜெர்மனிக்குக் கிட்டத்தட்ட 60 சதவீதம், போலந்துக்கு 40. எங்கே கோடு போடுவது என்று வல்லரசுகள் இழுத்துக்கொண்டிருந்தபோது மே 3-ம் தேதி மூன்றாவது எழுச்சி வெடித்தது. வொய்ச்செஹ் கோர்ஃபான்டி தலைமை. எழுச்சிக்காரர்கள் இந்த மலையைப் பிடித்தார்கள். போருக்குப் பின் போட்ட வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மன் ராணுவம் உள்ளே வர முடியாது. அதனால் நாடெங்கும் இருந்து ஃப்ரைகோர் ஆட்கள் சாதாரண உடையில் ரயிலேறி வந்தார்கள். மே 21 அன்று பவேரியாவிலிருந்து வந்த ஓபர்லாண்ட் படை முன்னால் நின்று மலையைத் திரும்பப் பிடித்தது. அவர்களுடைய சின்னம் எடெல்வைஸ், ஆல்ப்ஸ் மலைப் பூ. வந்த இடத்திலோ ஆல்ப்ஸும் இல்லை, அந்தப் பூவும் இல்லை.

அவ்வளவு சாவுக்குப் பிறகும் 1921 அக்டோபரில் கோடு போட்டார்கள். சுரங்கங்களில் பெரும்பகுதி போலந்துக்குப் போனது. இந்த மலை ஜெர்மனியிடம் இருந்தது. 1945-க்குப் பிறகு இதுவும் போலந்துக்கு வந்தது.

கோவிலிலிருந்து இறங்கினால் பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குள் ஒரு பிரம்மாண்டமான திறந்தவெளி அரங்கு. 1930-களில் நாஜிகள் கட்டியது. அதன் விளிம்பில் செத்துப்போன ஃப்ரைகோர் ஆட்களுக்கு ஒரு கல்லறை மாளிகையும் எழுப்பினார்கள். 1945-ல் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, 1955-ல் போலந்து எழுச்சிக்காரர்களுக்கான நினைவுச் சின்னத்தை வைத்தது. சிற்பி க்சாவெரி டுனிகோவ்ஸ்கி, தானே ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து பிழைத்து வந்தவர். கனமான கல் தூண்கள், அவற்றில் சுரங்கத் தொழிலாளியும் உழவர் வீட்டுப் பெண்ணும். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

தூணுக்குக் கீழே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். கழுகை உள்ளங்கையில் வைத்தேன். குளிரில் இரும்பு சில்லென்று இருந்தது. இந்த இடத்தில் இதை வெளியே எடுப்பது சரியா என்று ஒரு தயக்கம் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன், நாயோடு நடந்து போன ஒரு அம்மாவைத் தவிர யாரும் இல்லை. ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு மூடினேன். படம் எடுக்கவில்லை. எடுக்கத்தான் வந்தேன், மனசு வரவில்லை.

பக்கத்திலேயே எழுச்சி அருங்காட்சியகம். அங்கே எதிர்த் தரப்பின் சாமான்கள்: கைப்பட்டை, வாக்கெடுப்புச் சுவரொட்டி, வீட்டில் தைத்த கொடி. எழுச்சியில் நின்றவர்களுக்கென்று போலந்து 1946-ல் ஒரு சிலுவைப் பதக்கம் ஏற்படுத்தியது. 1921-ல் இருபது வயதில் துப்பாக்கி தூக்கியவருக்கு அப்போது 45 வயது. நடுவில் ஹிட்லர் காலத்தைத் தாண்டி உயிரோடு இருந்தால்தான் வாங்கிக்கொள்ள முடியும். என் கழுகுக்குப் பக்கத்தில் அந்தச் சிலுவை ஒன்று இருக்க வேண்டும் என்று அங்கே நின்றபோதே முடிவு செய்துவிட்டேன். இத்தனை வருடம் ஒரு தரப்பை மட்டும் சேர்த்திருக்கிறேன், அது பெரிய குறை.

நாள் 6, வியாழன், திரும்பும் ரயிலில்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை எழுதுவது என் வழக்கம். கழுகின் பழைய அட்டையில் உலோகம், அளவு, எடை, வாங்கிய தேதி மட்டும் இருந்தது. இன்று புதிதாக எழுதினேன்.

"சிலேசியக் கழுகு, முதல் வகுப்பு. இரும்பு, அச்சில் அடித்தது, கறுப்புப் பூச்சு. பிரெஸ்லாவ், 1919. உடன் சான்றிதழ் ஒன்று. சின்னமும் சான்றிதழும் தனித்தனியாக வாங்கியவை, ஒரே ஆளுடையவை என்பதற்கு ஆதாரம் இல்லை."

கடைசி வாக்கியத்தை எழுத மனசே இல்லை. இரண்டையும் ஜோடி என்று சொன்னால் மதிப்பும் கூடும், கதையும் நன்றாக இருக்கும். ஆனாலும் எழுதிவிட்டேன்.

மனைவி அட்டையை வாங்கிப் படித்தாள். "எல்லையில் யாருக்கு எதிராக நின்னாங்கன்னு இதுல இல்லையே" என்றாள். பேனாவைக் கொடுத்தேன். அவளே கீழே எழுதினாள்: "எதிரில் நின்றவர்கள்: மேல் சிலேசியாவின் போலிஷ் சுரங்கத் தொழிலாளர்கள், விவசாயிகள். பலர் அதே ஊர்க்காரர்கள்."

அவளுடைய கையெழுத்து என்னுடையதை விடச் சின்னது. இடம் சரியாகப் போதுமானதாக இருந்தது.